மாரிகுப்பத்துக்குக் கீழே ஒரு வீடும் வரவில்லை

மருத்துவர் எங்களிடம் கேட்டது ஒரு பழைய ஸ்கேனை மட்டும்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் என் கணவருக்கு இருமல் நிற்காமல் இருந்தபோது நெஞ்சை ஸ்கேன் எடுத்திருந்தோம். தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு வருகிற தூசி நெஞ்சுதான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இந்த வருடம் இருமல் திரும்பி வந்தது. கூடவே மூச்சிரைப்பும் வந்தது. பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாக ஸ்கேன் எடுத்தோம். வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, பேனா முனையால் அதைத் தொட்டுக் காட்டினார். நான் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கல் தூசியில வந்த வடுவா இருக்கலாம்மா. வடுன்னா அது வருஷக்கணக்கா ஒரே எடத்துல, ஒரே அளவுல உக்காந்திருக்கும். ஒண்ணும் பண்ணாது. பழைய ஸ்கேன்லயும் இந்தப் புள்ளி இதே மாதிரி இருந்துச்சுன்னா நான் கை வைக்கவே மாட்டேன். இல்லேன்னா ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பாக்கணும். இவருக்கு இருக்கற மூச்சுக்கு அதுவே கொஞ்சம் ரிஸ்க்தான். புதன்கிழமை பழைய ஸ்கேனோட வாங்க. ரிப்போர்ட் பேப்பர் போதாது, படமே வேணும்.”

ஆக, அந்தப் பழைய படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்க வேண்டும். அது இருந்தால் என் கணவர் பிழைத்தார். வெளியே வரும்போது எனக்குள் இந்தக் கணக்கு மட்டும்தான் இருந்தது.

மாரிகுப்பம் ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். பங்காருபேட்டையில் கூட்டம் இறங்கியதும் என்னவருக்கு உட்கார இடம் கிடைத்தது.

“இன்னாமே, வாய மூடிக்கினே வர்ற? அதான் பழைய படம் இருந்தாப் போதும்னு சொல்லிட்டாரே.”

“அந்த சி.டி.யை எங்க வெச்சீங்க?”

“எந்த சி.டி.?”

“ஸ்கேன் எடுத்தப்போ கவர்ல போட்டுக் குடுத்தாங்களே, அது.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அது பப்பாளி மரத்துல கீது.”

“இன்னாது?”

“கிளி கொத்துது, கிளி கொத்துதுன்னு நீதானே கத்தின? பளபளன்னு ஆடினா கிட்ட வராதுன்னு கயிறு போட்டுக் கட்டி வுட்டேன்.”

எதிரே உட்கார்ந்திருந்தவர் சிரித்துவிட்டார். என்னவரும் சேர்ந்து சிரித்து, அது இருமலில் போய் முடிந்தது. நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே பின்பக்கம் போய் மரத்தைப் பார்த்தேன். சி.டி. இருந்தது. வெயிலிலும் மழையிலும் அதன் வெள்ளிப் பூச்சு முழுக்க உரிந்துபோயிருந்தது. கண்ணாடி வட்டம் போலக் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் வழியாக வானம் தெரிந்தது. ரிப்போர்ட் காகிதம், முன்பு இருந்த வீட்டின் கூரை மழையில் இறங்கியபோதே மற்ற காகிதங்களோடு கூழாகிவிட்டிருந்தது. ஸ்கேன் எடுத்த இடத்தை எப்போதோ மூடிவிட்டு, இப்போது அங்கே மெத்தை விற்கிறார்கள்.

இன்னும் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. அது நான் வேலை செய்கிற கடை. வருகிறவர்களின் காகிதத்துக்கெல்லாம் அங்கே ஒரு காப்பி வைத்திருப்போம்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்வது என் வேலை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு என் படிப்பு முடிந்தது. ஆட்களோடு பேச எனக்கு வராது. யாராவது நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டால் தெரிந்த பதிலும் தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் வாடிக்கையாளர்களைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். அவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். நான் உள்ளே தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். காற்றடித்தால், தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைட் மேட்டுத் தூசி உள்ளே வரும் என்பதால் கம்ப்யூட்டருக்கு ஒரு பழைய துண்டு போர்த்தியிருக்கும். மறுநாள் காலையில் கடைக்குப் போய் அந்தத் துண்டை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

“இன்னாம்மா, மொகம் இப்படி கீது?” என்றார் அண்ணன்.

சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“உன் வூட்டுக்காரரு அந்த சி.டி.யத் தூக்கிக்கினு இங்க வந்தாரும்மா. நீ அப்போ பங்காருபேட்டையில, பொண்ணு பிரசவத்துக்குப் போயிருந்த. எதுக்கும் ஒரு காப்பி இருக்கட்டும்னு அப்படியே மொத்தமா இழுத்து வெச்சேன். வெச்சது நெனப்பு கீது. எங்க வெச்சேன்னு நெனப்பு இல்ல. வழக்கம்போல லைன் கேட்டுத்தான் வெச்சிருப்பேன்.”

லைன் என்றால் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள். எங்கள் கடையில் யாருடைய காகிதத்தையும் பெயர் போட்டு வைப்பதில்லை. ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கிற ஊர் இது. அதனால் கோரமண்டல், மாரிகுப்பம் என்று சுரங்கக் குடியிருப்பான காம்ப் பெயருக்கு ஒரு போல்டர், அதற்குள் லைனுக்கு ஒரு போல்டர், அதற்குள் வீட்டு எண்ணுக்கு ஒரு போல்டர். ஆதார், ரேஷன் கார்டு, மார்க் ஷீட், கல்யாணப் படம் எல்லாம் அந்தந்த வீட்டுக்குள் போய் உட்காரும். தபால்காரருக்கு வழி தெரிகிற மாதிரி எனக்கும் தெரியும்.

ஆனால் அந்த வருடங்களின் காப்பி எல்லாம் இருந்தது பழைய ஹார்ட் டிஸ்கில். அது தொந்தரவு கொடுக்க ஆரம்பித்ததும் கழற்றி, லேமினேஷன் சுருளுக்குக் கீழே டிராயரில் போட்டுவிட்டோம். அதை எடுத்துத் துடைத்து ஒயர் போட்டு மாட்டினேன். விளக்கு எரிந்தது. திரையில் டிஸ்கின் படமும் வந்தது. அதன்மேல் இரண்டு தட்டு தட்டினேன். ஜன்னல் வெள்ளையாகத் திறந்து அப்படியே நின்றது. மணல் கடிகாரப் படம் சுற்றிக்கொண்டே இருந்தது. டிஸ்குக்குள் ‘டக், டக்’ என்று ஒரு சத்தம். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட வேண்டியதாயிற்று. மறுபடி தட்டினேன். மறுபடியும் அதே கதை.

“டிஸ்க் சாவப்போவுதும்மா. பெங்களூர்ல எடுத்துக் குடுக்கறவங்க கீறாங்க” என்றார் அண்ணன். அவரே போன் செய்து கேட்டார். பதினைந்து நாள் ஆகுமாம். புதன்கிழமைக்கு முன்னால் எங்களுக்கு இருந்தது நாலைந்து நாள்.

எனக்குத் தெரிந்த இன்னொரு வழி இருந்தது. கொரோனா காலத்தில் கடை மூடியிருந்தபோது செல்போனில் தமிழ் வீடியோக்கள் பார்த்துப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் நாலு வரி எழுதக் கற்றுக்கொண்டிருந்தேன். யாரிடமும் வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. அந்த மொழியில் எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டாம். பலரும் செய்கிற வேலைகளை முன்பே எழுதித் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அதை லைப்ரரி என்கிறார்கள். நான் பழகியது ‘ஓ.எஸ்.’ என்கிற ஒரே லைப்ரரிதான். ஒரு போல்டருக்குள் என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் அது பெயர்களை ஒவ்வொரு வரியாகச் சொல்லும். படம் காட்டாது, எதையும் திறக்காது. பெயரை மட்டும் சொல்லும். டிஸ்குக்கு அதிக வேலை கொடுக்காது என்று நினைத்தேன்.

முதலில் ‘லிஸ்ட்டிர்’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் காம்ப்களின் பெயர்கள் வந்தன. சாம்பியன் ரீஃப், கோரமண்டல், மாரிகுப்பம், ஊரிகாம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டிஸ்க் உயிரோடுதான் இருக்கிறது.

ஆனால் லிஸ்ட்டிர் மேல்தட்டை மட்டும்தான் சொல்லும். உள்ளே இருக்கிற போல்டருக்குள் இறங்காது. இறங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துவர அதே லைப்ரரியில் ‘வாக்’ என்று இன்னொன்று இருக்கிறது. அதைப் போட்டேன். ஸ்கேன் என்றால் படம்தானே என்று, படத்துக்கு வருகிற ‘ஜேபிஜி’ என்ற முடிவு உள்ள பெயர்களை மட்டும் சொல்லச் சொன்னேன். பெயர்கள் ஓட ஆரம்பித்தன. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ, புத்த விகாரில் நடந்த பெயர் சூட்டு விழா. ஊரே ஓடியது. மதியச் சோறு டப்பாவிலேயே இருந்தது. கடைசியில் நின்றது. ஸ்கேன் போல ஒன்றுகூட இல்லை.

அன்று வீட்டுக்குப் போனபோது என்னவர் வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“கெடச்சுதா?”

“தேடிக்கினுதான் கீறேன்.”

“நீ தேடு. என் ஷாஃப்ட்டுல காத்து இன்னும் கொஞ்சம் கீது” என்று சுரங்கக் குழியைச் சொல்கிற மாதிரி நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

“அண்ணன் லைன் கேட்டப்போ நீங்க இன்னா சொன்னீங்க?”

“ஏதோ கேட்டாரு, ஏதோ சொன்னேன். அது எந்தக் காலத்து கதை.”

ஆஸ்பத்திரியில் புது ஸ்கேன் எடுத்த பிரிவின் போன் நம்பர் ரசீதில் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை கடைக்குப் பின்னால் நெடுநேரம் நின்றேன். போன் செய்வது எனக்கு மேடையில் ஏறுவது மாதிரி. இரண்டு முறை எண்களைப் போட்டுவிட்டு அழித்தேன். மூன்றாம் முறை யாரோ எடுத்துவிட்டார்கள். கன்னடத்தில் பேசிய ஆள், நான் திணறியதும் தமிழுக்கு மாறினார்.

“ஸ்கேன் பைல்லாம் போட்டோ மாதிரி இருக்காதும்மா. பேருக்குப் பின்னாடி ஜேபிஜின்னு எதுவும் வராது. வெறும் நம்பர்தான் இருக்கும். ஐ.எம்.னு ஆரம்பிச்சு நம்பர் வரும். அதுக்கு மேல எஸ்.டி., எஸ்.இ.ன்னு போல்டர் இருக்கும். நூத்துக்கணக்குல இருக்கும். அதைத் தேடுங்க.”

நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. ஓடி வந்து உட்கார்ந்து, முடிவு பார்க்கிற வரியை அழித்துவிட்டு, இருக்கிற எல்லாவற்றையும் சொல்லச் சொன்னேன். இந்த முறை டிஸ்க் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. நடுநடுவே ‘டக், டக்’ என்றது. அண்ணன் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து டிஸ்கின் பக்கம் திருப்பி வைத்தார்.

“காய்ச்சல்காரனுக்குத் துணி போடற மாதிரி கீது” என்றார். பக்கத்து ஜூஸ் கடை ஐஸ் பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்தால் சரியாகும் என்று யாரோ சொன்னார்களாம். வேண்டாம் அண்ணே என்று கெஞ்சினேன்.

கோரமண்டலில் நாங்கள் இப்போது இருக்கிற லைன் வந்தது. எங்கள் வீட்டு எண் வந்தது. அதற்குள் ரேஷன் கார்டு, கரண்டு பில். அவ்வளவுதான். சாம்பியன் ரீஃபில் கூரை இறங்கிய பழைய வீட்டு எண் வந்தது. மகளின் மார்க் ஷீட், என்னவரின் பென்ஷன் காகிதம். அதோடு சரி. ஓட்டம் முடிந்து திரை நின்றது. எங்கேயும் ஐ.எம். இல்லை. எஸ்.டி. இல்லை.

அண்ணன் ஒருவேளை காப்பி போடவே இல்லையோ? போட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறாரோ? இதை அவரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் மனம் நோகும். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். அவர் யாருக்கோ ஆதார் கார்டைப் பிளாஸ்டிக் போட்டுக்கொண்டிருந்தார். நான் மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். திரையில் நின்ற பெயர்களை ஆரம்பத்திலிருந்து மறுபடி படித்தேன். வேறு செய்வதற்கு எதுவும் இல்லாததால்தான் படித்தேன்.

படிக்கும்போது ஒன்று உறுத்தியது. மேல்தட்டில் மாரிகுப்பம் என்ற பெயர் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே ஒரு லைன்கூட வரவில்லை, ஒரு வீடுகூட வரவில்லை. கோரமண்டலுக்குக் கீழே பக்கம் பக்கமாக இருக்கிறது. சாம்பியன் ரீஃபுக்கும் அப்படித்தான். மாரிகுப்பத்திலிருந்து எங்கள் கடைக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள்! ரயில் ஏறுவதற்கு முன்னால் ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்து ஆட்கள். அத்தனை பேரின் போல்டர்களும் எங்கே போயின?

பழைய வீடியோ ஒன்றைத் தேடிப் போட்டுப் பார்த்தேன். அதில் ஒரு பெண் போகிற போக்கில் சொல்கிறாள். வாக் ஒரு போல்டரைப் படிக்க முடியாமல் போனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போய்விடுமாம். நாமாகக் கேட்டால்தான் சொல்லுமாம்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு காம்ப்பையே விட்டுவிட்டு, முடித்துவிட்டேன் என்று நின்றிருக்கிறது. ஷிப்ட் முடிந்து ஆட்களை ஏற்றுகிற கேஜ் மேலே வரும்போது சுரங்கத்தின் ஒரு லெவலில் நிற்காமல் வந்துவிட்டு, எல்லோரும் ஏறியாயிற்று என்று மணி அடித்த மாதிரி. என் அப்பாவும் அண்டர்கிரவுண்டில் இருந்தவர்தான். அப்படிச் செய்கிறவனைச் சும்மா விடமாட்டார்கள்.

படிக்க முடியாத இடத்தைச் சொல்லு என்று ஒரு வரி சேர்த்து ஓட்டினேன். இந்த முறை சொன்னது. மாரிகுப்பம்: படிக்க முடியவில்லை. அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அந்த ஒரு போல்டரை மட்டும் கேட்டேன். முடியவில்லை என்றது. டிஸ்கைக் கழற்றி ஆற வைத்து மறுபடி மாட்டினேன். முடியவில்லை என்றது. வேறு ஒயர் போட்டேன். வேறு துளையில் சொருகினேன். அதற்குள் ஞாயிறு போய்த் திங்களும் வந்துவிட்டது. வீட்டில் சமையல் ஏனோதானோ என்று நடந்தது. என்னவர் தலையணையை நெஞ்சுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தார். அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அந்தப் புள்ளி பழையதாக இருக்கட்டும், பழையதாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். யாரிடம் சொல்கிறேன் என்று தெரியாமலே சொல்வேன்.

“விட்டுரும்மா” என்றார் அண்ணன். “அதைப் போட்டு எவ்ளோதான் கொல்லுவ?”

“இன்னும் ஒரு வாட்டி அண்ணே.”

“இதையேதான் காலைல இருந்து சொல்ற.”

செவ்வாய்க்கிழமை காலை. முழுப் பட்டியலையும் ஒரே மூச்சில் கேட்காமல், ஒவ்வொரு பெயராக எடுத்துக் கொடுக்கிற ‘ஸ்கேன்டிர்’ என்பதைப் போட்டேன். வந்த வரைக்கும் வரட்டும், நடுவில் செத்தாலும் அதுவரைக்கும் வந்தது கையில் இருக்கும். டிஸ்க் இரண்டு தரம் ‘டக்’ என்றது. பிறகு சத்தம் நின்றது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். திரையில் ஒரு பெயர் வந்தது. ஒரு லைனின் பெயர். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மலை ஏறுகிறவர் மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் பேசுகிற மாதிரி ஒவ்வொன்றாக வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்த லைனைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். என் மாமனாருக்குச் சுரங்கத்தில் வீடு கொடுத்திருந்த லைன் அது. என்னவர் அங்கேதான் பிறந்தார். கல்யாணமாகி வந்த புதிதில் நான் கொஞ்ச காலம் அங்கே இருந்தேன். இப்போது அந்த லைனில் யாரும் இல்லை. கூரைத் தகடுகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவர்களுக்கு நடுவே உண்ணிச்செடி வளர்ந்திருக்கிறது. அந்த லைனின் பெயரைக் கொடுத்து உள்ளே கேட்டேன். வீட்டு எண் வந்தது. அதற்குள் கேட்டேன். எஸ்.டி. அதற்குள் எஸ்.இ. அதற்குள் கேட்கும்போது இரண்டு தரம் தப்பாக அடித்தேன்.

ஐ.எம்., ஐ.எம்., ஐ.எம். என்று ஓட ஆரம்பித்தது.

“அண்ணே!” என்று கத்தினேன். கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனையோ வருடங்களாக நான் அங்கே வேலை செய்கிறேன். என் சத்தம் அப்படி வெளியே கேட்டது அதுதான் முதல் தடவை.

பெயர் வந்ததால் படம் வந்துவிட்டது என்று இல்லை. ஒவ்வொன்றாகக் காப்பி எடுக்க வேண்டும். அதற்கும் நாலு வரி எழுதினேன். வராததைத் தாண்டிப் போ, ஆனால் எது வரவில்லை என்று எனக்குச் சொல்லு என்று எழுதினேன். மாலை வரைக்கும் ஓடியது. சில படங்கள் வரவில்லை. பெரும்பாலும் வந்துவிட்டன. கடைசிப் படம் வந்து கொஞ்ச நேரத்தில் டிஸ்கின் விளக்கு தானாக அணைந்தது. பிறகு அது எரியவே இல்லை.

வீட்டுக்கு ஓடினேன். என்னவரிடம் பென் டிரைவைக் காட்டினேன்.

“மாரிகுப்பத்து வூட்டுப் பேர்ல இருந்துதுங்க. நாம அங்க இல்லியே, ஏன் அதைச் சொன்னீங்க?”

அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. “லைன் எதுன்னு கேட்டிருப்பாரு. எங்க லைன் சொல்லியிருப்பேன்.”

“குடியிருக்கற வூட்டைச் சொல்ல மாட்டாங்களா?”

“குடியிருக்கறது எங்கன்னு கேட்டா கோரமண்டல்னு சொல்லுவேன். லைன் எதுன்னு கேட்டா அதானேமே என் லைன்? உங்கப்பா இன்னா சொல்லுவாரு?”

அவர் சொன்னது சரி. என் அப்பா சாகிற வரைக்கும் தான் பிறந்த லைனைத்தான் சொன்னார். அது இடிந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இந்த ஊரில் ஆண்கள் யாரைக் கேட்டாலும் அப்படித்தான். இது தெரிந்த நானே அங்கே போய்த் தேடவில்லை. அன்று அதற்காகச் சிரிக்க முடிந்தது. அன்று எல்லாவற்றுக்கும் சிரிக்க முடிந்தது. அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அவர் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

புதன்கிழமை முதல் ரயிலில் கிளம்பினோம். பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தேன். தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

“தங்கம் திருடிக்கினு போறவ மாதிரி பண்ணாதே. போலீஸ்காரன் புடிச்சுருவான்” என்றார் என்னவர்.

மருத்துவர் அதை வாங்கிச் சொருகினார். பழைய படத்தை ஒரு பக்கமும் புதிய படத்தை ஒரு பக்கமும் வைத்தார். இரண்டையும் மேலிருந்து கீழே ஒன்றாக நகர்த்திக்கொண்டே போனார். கருப்பும் சாம்பலுமாக விரிந்து சுருங்கிக்கொண்டு போயிற்று. ஓர் இடத்தில் நிறுத்தினார். புதிய படத்தில் அந்த வெள்ளைப் புள்ளி வந்தது. நான் பழைய படத்தைப் பார்த்தேன்.

இல்லை.

மருத்துவர் ஒரு படம் மேலே போனார், ஒரு படம் கீழே போனார். திரும்ப வந்தார். எனக்கு ஒரு நினைப்பு வந்தது. வராமல் போன படங்களில் இருக்குமோ?

“சார், கொஞ்சம் படம் காப்பி ஆகல சார். அதுல இருக்குமா?” நானா கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவர் எண்களைப் பார்த்தார். “இல்லம்மா. விட்டுப்போனதெல்லாம் வயித்துப் பக்கம். இந்த எடம் முழுசா இருக்கு. ரொம்பத் தெளிவா இருக்கு.” பேனா முனையைப் பழைய படத்தில் வைத்தார். “இங்க சுத்தமா இருந்திருக்கு. இது புதுசா வந்தது.”

அந்த இடத்தைப் பார்த்தேன். நல்ல கருப்பாக, மாசு மறு இல்லாமல் இருந்தது. சாகப்போகிற டிஸ்கிடம் நாள் கணக்கில் கெஞ்சிக் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தது அதைத்தான்.

என்னவர் முன்னால் குனிந்து பார்த்தார். “அப்போ எம்மா நல்லா இருந்திருக்கேன் பாரேன்” என்றார். மருத்துவர் லேசாகச் சிரித்தார். பிறகு ஊசி போட்டுச் சதை எடுக்கிற நாளைச் சொன்னார். திங்கட்கிழமை. முந்தின நாளே வந்து படுக்க வேண்டும். மூச்சு சிக்கலானால் என்ன செய்வார்கள் என்பதையும் சொன்னார். அதில் பாதி என் காதில் விழவில்லை.

கோரமண்டலில் ரயிலை விட்டு இறங்கும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். படியில் இறங்குவதற்காகப் பிடித்தார் என்று நினைத்தேன். இறங்கிய பிறகும் விடவில்லை.

“நீ தேடாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்காது இல்ல?” என்றார்.

“தெரிஞ்சது நல்லதுன்னு சொல்றீங்களா, கெட்டதுன்னு சொல்றீங்களா?”

வீடு வரைக்கும் அவர் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். நான் உள்ளே நுழைவதற்குள் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா ஆச்சு? படம் தொறந்துதா டாக்டரு மெஷின்ல?”

“தொறந்துதுண்ணே.”

“அந்த எடம் தெரிஞ்சுதா?”

“தெளிவா தெரிஞ்சுதுண்ணே.”

“நான் இன்னா சொன்னேன்? வெச்சது நெனப்பு கீதுன்னு சொன்னேனா இல்லியா?” என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்றவர்களிடம், “செத்துப்போன டிஸ்க்குல இருந்து எடுத்துச்சு இந்தம்மா. வாயத் தொறந்து பேசாது, ஆனா வேலையப் பாரு” என்றார். யாரோ ஒரு அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அண்ணன் ஆளுக்கொரு டீயும் பன்னும் சொன்னார்.

மீதியைச் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீயை வாங்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனேன். கம்ப்யூட்டர் மேல் துண்டு போர்த்தியிருந்தது. அதை எடுக்காமல் உட்கார்ந்துகொண்டேன்.

இதை எழுதுகிற இன்று சனிக்கிழமை. நாளைக்குப் போய்ப் படுக்க வேண்டும். வெளியே பப்பாளி மரத்தில் அந்த சி.டி. இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கிளிகள் பயமில்லாமல் வருகின்றன. அவர் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிப் பையில் அவருடைய லுங்கியும் டம்ளரும் வைத்தாயிற்று. பென் டிரைவையும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கைக்குட்டையில் முடிந்து வைத்தேன்.